சமையலறை மேசையில் எழுதப்பட்ட விளையாட்டு

எமது வீடுகளில் "கேம்" என்ற சொல் நல்லபடியாக உச்சரிக்கப்படுவது அரிது. "போன வை, கண்ணு பழுதாப் போகும்", "நாநா கெட்டது போதாதா, ஒனக்கும் வேணுமா", "சோதனை வருது, இப்ப கேம் கேக்குதா" என்று ஏதாவதொரு கண்டிப்போடு சேர்ந்துதான் அந்தச் சொல் வரும். உம்மாமாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தபோது, படிப்போடு சேர்ந்து வேறு பலதும் வீட்டுக்குள் வந்துவிட்டன. பிள்ளையின் கையில் இருப்பது பாடமா விளையாட்டா என்று தெரியாமல் தவித்த தாய்மார் எங்கள் ஊரிலும் உண்டு.

ஆனாலும் இந்தக் கண்டிப்பில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. கதைப் புத்தகம் ஒன்றைக் கண்டால் எழுதியவர் யார் என்று அட்டையைப் பார்க்கிறோம். விளையாட்டை மட்டும் ஏதோ யந்திரம் தானாக ஈன்று போட்டது போல நினைத்துக்கொள்கிறோம். "இந்தக் கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்க வேண்டும்? திறக்க முடியாவிட்டால் இவள் என்ன செய்து பார்ப்பாள்?" என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கிறார். அவருக்கு வடிவமைப்பாளர் என்று பெயர். அது ஒரு தொழில். கணக்கில் அதிக புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு மட்டுமே உரிய தொழில் அது என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழ் கற்பிக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகக் கதை எழுதுகின்ற, படம் கீறுகின்ற, கலைப்பிரிவில் இருக்கின்ற மாணவிக்கும் அங்கே இடமுண்டு. இதற்குச் சாட்சியாக நான் அழைப்பது ஒரு தாயை.

ரொபர்ட்டா வில்லியம்ஸ் 1953இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் திருமணம். கணவர் கென் கணினி நிரல் எழுதுபவர். 1970களின் முடிவில் ரொபர்ட்டா இரண்டு சிறு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கென் வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு கருவி, தூரத்தில் இருந்த பெரிய கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசக்கூடியது. அந்தப் பெரிய கணினிக்குள் 'கொலோசல் கேவ்' என்றொரு விளையாட்டு இருந்தது.

அதில் படம் இல்லை, சத்தம் இல்லை, எழுத்து மட்டும்தான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களைத் தட்டினால் அடுத்து என்ன நடக்கிறது என்று எழுதிக் காட்டும். அதை முதலில் எழுதியவர் வில் க்ரௌதர். குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் வரைவதில் ஆர்வம் கொண்டவர். மணவாழ்க்கை முறிந்து தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் பிரிந்திருந்த காலத்தில், அவர்கள் விளையாடட்டும் என்று அதை எழுதினார். பின்னர் டொன் வூட்ஸ் என்பவர் அதை 1977இல் விரிவாக்கினார். கணினியில் வந்த முதல் கதை விளையாட்டுகளில் ஒன்று மகள்மாருக்காக ஒரு தகப்பன் எழுதியது என்பதை "இதெல்லாம் ஆம்பிளப் பிள்ளைகளின் சாமான்" என்று சொல்பவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரொபர்ட்டா அந்தக் குகைக்குள் புகுந்தவர் வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. முடித்த பிறகு அதுபோல இன்னொன்று தேடினார். விரும்பியது போல் கிடைக்கவில்லை. எமது பிள்ளைகள் இந்த இடத்தில் அடுத்த கேமைத் தரவிறக்குவார்கள். ரொபர்ட்டா கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார்.

ஏறத்தாழ மூன்று வாரம். ஒரு பழைய வீடு, அதற்குள் ஏழு பேர். ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள், கொன்றவர் யார் என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றின் சாயல் அதில் இருந்தது. எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வழி, எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது, எதை எடுத்தால் எது திறக்கும் என்றெல்லாம் தாளில் கோடு கோடாக வரைந்தார். அவருக்கு நிரலாக்கம் தெரியாது. கணவருக்கு முதலில் இதில் அக்கறையும் இருக்கவில்லை. ஓர் இரவு உணவகத்துக்கு அழைத்துப்போய், சாப்பாட்டு மேசையில் கதை முழுவதையும் விவரித்துச் சொல்லி அவரை இழுத்துக்கொண்டார். கதையோடு ரொபர்ட்டா இன்னொன்றையும் கேட்டார்: எழுத்து மட்டும் போதாது, படமும் வேண்டும். அன்றைய அப்பிள் கணினியின் நினைவகத்துக்கு அது பெரிய ஆசை. கென் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஏறத்தாழ எழுபது கோட்டுப் படங்களை ரொபர்ட்டாவே வரைந்தார். சின்னப் பிள்ளை கீறியது போன்ற படங்கள்தான். ஆனால் வீட்டுக் கணினியில் படத்தோடு வந்த முதல் கதை விளையாட்டு அதுவே.

1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. பொலித்தீன் பையில் போட்டு, 24.95 டொலருக்கு விற்றார்கள். பத்தாயிரம் பிரதிகளுக்கு மேல் போனது. அந்தப் பணத்தில் வளர்ந்த நிறுவனத்தை லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மலைக்குக் கொண்டு போனார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யொசெமிட்டி வனத்துக்குப் போகும் வழியில் ஓக்ஹர்ஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கேதான் அலுவலகம். மலையின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார்கள்: சியரா ஒன்-லைன். கொழும்புக்குப் போனால்தான் ஏதாவது செய்யலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எமக்கு இந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1984இல் ஐபிஎம் நிறுவனத்தின் புதிய வீட்டுக் கணினிக்காக 'கிங்ஸ் குவெஸ்ட்' வந்தது. அதுவரை இத்தகைய விளையாட்டுகளில் படம் அசையாமல் நிற்கும். இதில் கதாநாயகன் நடந்தான். மரத்துக்குப் பின்னால் போனால் மறைந்தான், முன்னால் வந்தால் தெரிந்தான். இன்று சிரிப்பாக இருக்கலாம். அன்று அது பெரிய விஷயம். ஐபிஎம்மின் அந்தக் கணினி சந்தையில் தோற்றுப்போனது, கதை மட்டும் பிழைத்துக்கொண்டு எட்டுப் பாகம் வரை போனது. அதன் நான்காம் பாகம் 1988இல் வந்தபோது கதையின் மையத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். நோயில் விழுந்த தகப்பனைக் காப்பாற்றும் கனியைத் தேடிப் புறப்படும் ரொசெல்லா. கணினி விளையாட்டு வாங்குவோர் ஆண் பிள்ளைகள்தான் என்று கடைக்காரர்கள் நம்பியிருந்த காலம் அது.

பெட்டியின் மேல் ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்று ஆசிரியரின் பெயர் அச்சாகியிருந்தது. புத்தக அட்டையில் வருவது போல. விளையாட்டைச் செய்தவரின் பெயரைச் சில கம்பனிகள் மறைத்தே வைத்திருந்த காலத்தில் ஒரு பெண் தன் பெயரைப் போட்டு விற்றார். எனக்கு அவருடைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் விட இது பெரிதாகப் படுகிறது.

அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1982இல் வெளியிட்ட 'டைம் ஸோன்' ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களோடு, நூறு டொலர் விலையில் வந்து விற்காமல் கிடந்தது. முதலாவது கிங்ஸ் குவெஸ்டில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயரை ஊகித்தாலும் போதாது, ஆங்கில அரிச்சுவடியைத் தலைகீழாக வைத்து ஒவ்வோர் எழுத்தையும் மாற்ற வேண்டும். இது புதிரல்ல, அநியாயம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு போகும். அந்தக் கண நேரத்தில் ஏதாவது எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், பல மணி நேரம் கழித்து ஓர் அறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடிக்க எலி வராது. ஆட்டம் அங்கேயே முடிந்துபோகும். எங்கே தவறினோம் என்றும் தெரியாது. ரொன் கில்பர்ட் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் இந்த வழக்கத்துக்கு எதிராகவே எழுதினார். 1990இல் வந்த அவருடைய 'மங்கி ஐலண்ட்' இப்படி ஆளை முட்டுச்சந்தில் விடாது. வாசகரை மதிப்பது பற்றி வகுப்பில் பேசும்போது எலிக்கதை எனக்குப் பல முறை உதவியிருக்கிறது.

இன்னொன்றையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. 1995இல் ரொபர்ட்டா 'ஃபன்டாஸ்மகோரியா' என்ற திகில் விளையாட்டைச் செய்தார். ஏழு இறுவட்டுகள், நடிகர்களை வைத்துப் படம் பிடித்த காட்சிகள், இரத்தம், வன்முறை. அவுஸ்திரேலியா அதைத் தடை செய்தது. அது அவருக்கு மிகப் பெரிய விற்பனையையும் தந்தது. குழந்தைகளுக்காக 1987இல் மழலைப் பாட்டுகளை வைத்து ஒரு விளையாட்டைச் செய்த அதே கைதான் இதையும் செய்தது. என் வீட்டுப் பிள்ளைக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன். ஆனால் சில நாவல்கள் கூடாதவை என்பதற்காக நாவல் எழுதவே கூடாது என்று எந்தத் தமிழாசிரியையும் சொல்வதில்லை. நல்லதைச் செய்யக்கூடிய பிள்ளைகளை ஒதுக்கி வைத்தால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாராவது வந்து நிரப்புவார்கள்.

தொழில் நிரந்தரமா என்று வாப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. 1996இல் சியரா பெரிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் கணக்குப் புத்தகங்களில் பெரும் மோசடி செய்திருந்தது 1998இல் அம்பலமானது. ரொபர்ட்டாவின் கடைசி கிங்ஸ் குவெஸ்ட், அவருடைய கட்டுப்பாட்டில் பாதியும் இல்லாத நிலையில் அந்த ஆண்டு வெளிவந்தது. 1999 பெப்ரவரி 22, ஒரு திங்கட்கிழமை, ஓக்ஹர்ஸ்டில் இருந்த கூடம் மூடப்பட்டது. மலையூரில் வீடு வாங்கிக் குடியிருந்த ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் நிரலாளர்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். தோட்டமொன்று மூடப்படும்போது என்ன நடக்கும் என்று தெரிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தத் துறையில் ஆட்குறைப்பு இன்றும் அடிக்கடி நடக்கிறது. அரச உத்தியோகம் போல் ஓய்வூதியம் வரை கொண்டுபோய் விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆசிரியத் தொழிலோ கணக்கியலோ கையில் இருக்க, இதைப் பக்கத்தில் வைத்துக் கற்கும் பிள்ளையை நான் அதிகம் ஆதரிப்பேன்.

கணித, விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார். கணினி விஞ்ஞானம் படித்த கரோல் ஷா என்ற பெண் 1982இல் 'ரிவர் ரெய்ட்' என்ற விளையாட்டைத் தனியாக எழுதினார். நீண்டு வளைந்து செல்லும் ஒரு முழு ஆற்றை வெறும் நான்கு கிலோபைட்டுக்குள் அடக்கினார். ஆற்றின் படங்களைச் சேமிக்க இடமில்லை என்பதால், கரைகளை உடனுக்குடன் உருவாக்கும் சூத்திரத்தை எழுதி வைத்தார். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அதைப் போல் பல நூறு மடங்கு இடம் வேண்டும்.

ஆறு என்றதும் எங்கள் ஆறு நினைவுக்கு வருகிறது. கினிகத்தேனையிலிருந்து கொழும்பு வீதியில் கீழே இறங்கினால் கித்துல்கல. அங்கே களனி கங்கையில்தான் 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படமாக்கப்பட்டது. கதை தாய்லாந்தில் நடப்பது, எழுதியவர் பிரெஞ்சுக்காரர், இயக்கியவர் ஆங்கிலேயர். எங்களுடையது தண்ணீரும் காடும் மட்டும். இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாலம் நின்ற இடத்தைக் காட்டுகிறோம். கணினி விளையாட்டுத் துறையிலும் எமது பிராந்தியத்தின் கதை நீண்ட காலம் இப்படித்தான் இருந்தது. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா என்ற நிறுவனம் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் காரும் கட்டடமும் வரைந்து கொடுத்தே வளர்ந்தது. 2019இல் ரொக்ஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கிவிட்டது. திறமையான கைகள். கதை மட்டும் இன்னொருவருடையது. கொழும்பில் அரிமாக் நிறுவனம் 'கஞ்சாயுதா' செய்தது போன்ற முயற்சிகள் நடந்தாலும் அவை சொற்பம்.

அந்த நிலை மாறலாம் என்று எனக்குக் காட்டியது 2023 ஜூலையில் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா'. டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. அதை வழிநடத்தியவர் அபி என்ற தமிழ் இளைஞர். துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் சமையலறைதான் களம். தன் உம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, மை கலைந்து கிடக்கின்றன. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே விளையாட்டு. இட்லித் தட்டுகளை ஆவி போகும்படி எப்படி அடுக்குவது, பிட்டுக் குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்பவைதான் புதிர்கள். எமது உம்மாமார் கண்ணை மூடிக்கொண்டு தீர்க்கக்கூடியவை! இடையிடையே மகன் ஆங்கிலத்துக்குப் போய்விடுவதும், தாய் சொல்லும் தமிழ் அவனுக்குப் பாதி மங்கிப் போவதும் வரும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்று அதற்கு விருது கொடுத்தது. பிட்டு அவித்து பாஃப்டா வாங்கலாம் என்று யார் நினைத்தார்கள்?

எமது மலையகத்தை வைத்து இப்படியொன்று செய்ய என்ன வேண்டும்? முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து வரும் கடைசி பஸ் உங்களைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போகிறது. மழை. கரண்ட் இல்லை. கையில் குடை, பெட்டரி செத்த டோர்ச், வீட்டுக்கு வாங்கிய ஒரு பைக்கட் உப்பு. மேட்டு வீட்டில் உம்மும்மா தனியாக இருக்கிறார். பெரிய பாதையில் மண் சரிந்திருக்கிறது. குறுக்குப் பாதையில் அட்டை. ஒரு கடையில் மட்டும் மெழுகுதிரி வெளிச்சம், கதவு பாதி மூடியிருக்கிறது. கடைக்காரர் இருட்டில் முகம் தெரியாமல் திறக்க மாட்டார். "பெட்டரி வேணும்" என்றால் பதில் வராது. "இன்னாருடைய பேத்தி" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். எங்கள் ஊரில் சாவி என்பது அதுதானே. பெட்டரி வாங்கியாயிற்று. இனி அட்டைக்கு உப்பைச் செலவழிப்பதா, உம்மும்மாவின் கறிக்கு மிச்சம் வைப்பதா? முழுவதையும் கொட்டிவிட்டால் ஆட்டம் செத்துவிடக் கூடாது. ரொபர்ட்டாவின் எலியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தவளுக்கு வேறொரு முடிவு இருக்க வேண்டும்.

இது சிறுகதைதான். ஒரு வித்தியாசம், வாசிப்பவள் ஒவ்வோர் இடத்திலும் நின்று தீர்மானிப்பாள். எழுதுபவள் அவள் எடுக்கக்கூடிய எல்லா வழிகளுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைக்க வேண்டும். கணினி அறைக்குப் போகக் கிடைக்கும்போது 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளில் இதையே ஏற்றிவிடலாம். ஒரு பெட்டிக்குள் ஒரு பகுதி, பெட்டிகளுக்கிடையே அம்பு. தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தால் போதும், நிரலாக்கம் பிறகு வரலாம்.

ரொபர்ட்டா வில்லியம்ஸ் 1999க்குப் பிறகு நீண்ட காலம் ஒதுங்கியிருந்தார். கணவரோடு படகில் கடல் கடந்து திரிந்தார். 2021இல் ஒரு நாவல் வெளியிட்டார். 2023 ஜனவரியில், எழுபது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, மீண்டும் ஒரு விளையாட்டோடு வந்தார். அது 'கொலோசல் கேவ்'. தன்னைச் சமையலறை மேசைக்கு அனுப்பிய அதே குகையை, இப்போது சுற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாணக் காட்சியாக.

அடுத்த இதழுக்குச் சிறுகதை கொடுக்க நினைத்திருக்கும் மாணவிகள் ஓர் ஆட்டத்தையும் தாளில் எழுதித் தமிழ் மன்றத்தில் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் வீட்டில் உம்மாவிடமோ ராத்தாவிடமோ விளையாடக் கொடுங்கள். "இப்ப என்ன செய்றீங்க?" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதற்கேற்பப் பக்கத்தைப் புரட்டுங்கள். அவர் எங்கே முழிக்கிறார், எங்கே சிரிக்கிறார், எந்த இடத்தில் நீங்கள் யோசிக்காத ஒன்றைச் செய்யப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்து விடை சொல்லிக் கொடுக்காதீர்கள்.